ஒன்பதாவது படகின் ஜாக்கெட்

அந்தத் தீவின் ஒன்பது பாய்மரப் படகுகளையும் இன்றைக்கே சோதித்தாக வேண்டும். ஆய்வாளர் ஸ்வோன்கோவுக்கு ஆறாவது படகிலேயே இடுப்பு விட்டுப்போனது.

"லைஃப் ஜாக்கெட் இருக்கா?" ஒன்பதாவது படகில் சோர்வாகக் கேட்டார்.

"இதோ சார்." படகுக்காரி தோன்கா தூக்கிக் காட்டினாள்.

தோளில் தார்க் கறை. காலையிலிருந்து பார்த்த எல்லா ஜாக்கெட்டிலும் அதே இடத்தில் அதே கறை.

"ஊருக்கே ஒரே ஜாக்கெட்டாம்மா? எனக்கு முன்னாடி முன்னாடி ஓடிக் கை மாத்தினீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க சார். வாங்கணும்னா கடல் தாண்டி ஸ்பிளிட் நகரத்துக்குக் கப்பலேறணும்."

"கடல்ல விழுந்தா அந்தச் சாக்கு காப்பாத்துமா? ஒரு படகுக்கும் அனுமதி கிடையாது."

எழுதிய எட்டுச் சான்றிதழ்களையும் கிழித்தார். புரா என்னும் கடும் வாடைக்காற்று கிளம்பியிருந்தது. அவரும் கடல் தாண்டி வீடு போக வேண்டும்.

"இந்த ஒண்ணையாவது வாங்கி வெச்ச புத்திசாலி யாரு?"

தோன்கா துறையின் கோடியைக் காட்டினாள். காலையில் அவர் தனியாக ஓட்டி வந்த படகு அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

"உங்களோடதுதான் சார். முதல் படகிலேயே கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயந்தோம். ஒரு நாளாவது போட்டிருப்பீங்கன்னு நெனச்சோம்."