வயர் இல்லாத மெஷின்

மூன்றாவது மெஷினையும் வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள் பெத்தம்மாள்.

மனசுக்குள் முப்பது எண்ணுவதற்குள் தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. கனம் என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டாள்.

தொண்ணூற்றெட்டில் ராஜபாளையத்திலேயே பேட்டரியில் ஓடுகிற டிரில் வைத்திருந்தது சங்கரலிங்கம் கடை ஒன்றுதான். மனுஷனுக்கு அதில் அம்புட்டுப் பெருமை. ஒவ்வொன்றிலும் பிட்டை மாட்டி, பலகையில் ஓட்டை போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போதே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது.

அவர்கள் ஊரில், மடவார் வளாகத்தில் வரிசையாக ஆறு புது வீடு. ஆறுக்கும் வயரிங் வேலை அவள் புருஷன் கருத்தையாவுக்குத்தான் என்று மேஸ்திரி வாக்குக் கொடுத்திருந்தார். ஆடியில் ஏணியிலிருந்து விழுந்து கால் ஒடிந்தவன், தையில்தான் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தான். இந்த வேலையும் கைநழுவினால் அப்படி ஒரு வயர்மேன் இருந்ததையே ஊர் மறந்துவிடும்.

அவனுக்குக் கையாள் பெத்தம்மாள்தான். பதினைந்து வருஷமாக ஏணியைப் பிடிப்பாள், கீழேயிருந்து சாமான் எடுத்துக் கொடுப்பாள். ஊருக்கே தெரிந்த விஷயம்.

முதல் வீட்டில் போன வாரமே வேலை தொடங்கியாயிற்று. புது வீட்டுக்கு ஏது கரண்ட்? பக்கத்து வீட்டிலிருந்து லைன் இழுத்தார்கள். அந்த வீட்டுக்காரி சும்மா இருந்தாளா? தன் கரண்ட் எம்புட்டு ஓடுகிறதோ என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து கதவைத் தட்டினாள். பெத்தம்மாளுக்கு உயிரே போய்விட்டது.

வயர் இல்லாத மெஷின் வாங்கிவிடலாம், யார் வாசலிலும் நிற்க வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

சங்கரலிங்கத்துக்கு மனசு ஆறவில்லை. தொழில்காரனுக்குப் பெரியதுதான் லாயக்கு என்று மறுபடியும் அந்த மூன்றாவது மெஷினையே முன்னால் தள்ளினார்.

"கருத்தையா கைக்கு இதெல்லாம் ஒரு கனமா? அவனை வரச் சொல்லும்மா, தூக்கிப் பாக்கட்டும்."

கருத்தையா எதிர்த்த டீக்கடை நிழலில் நின்றுகொண்டிருந்தான். கையில் டீ ஆறிப்போயிருந்தது. கடைப்பக்கம் திரும்பவே இல்லை.

விழுந்ததிலிருந்து அவனுக்குத் தோள் வலி என்று ஒரு பொய்யைச் சொன்னாள். கண் உறுத்தியது, முந்தானையால் துடைத்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. அழுகிறாள் என்று நினைத்த சங்கரலிங்கம் அதற்குமேல் கேட்கவில்லை. நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

கடைசியாக மேல் தட்டிலிருந்து ஒரு சின்ன மெஷினை எடுத்தார். இது வீட்டில் படம் மாட்டுகிறவர்களுக்கு, தொழிலுக்கு ஆகாது, சார்ஜ் சீக்கிரம் இறங்கிவிடும், நாளைக்கே கருத்தையா வந்து தன் மூஞ்சியில் எறிவான் என்று பாட்டாகப் பாடினார்.

அவள் தூக்கிப் பிடித்தாள். முப்பது. அறுபது. கை நடுங்கவில்லை.

இதையே கொடுங்கள் என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, கடையிலேயே சார்ஜ் போட்டுக் கொடுத்தார்.

மத்தியானம் இரண்டாவது வீட்டுக்குள் போனதும் கருத்தையா முதல் காரியமாகக் கதவைத் தாழ்போட்டான். ஜன்னலைச் சாத்தினான். இனி கரண்ட் கணக்குப் பார்க்க யாரும் வந்து தட்டப்போவதில்லை.

ஏணியைச் சுவரில் சாய்த்து முதல் படியில் கால் வைத்தான். இரண்டாவது படியில் வைத்ததுமே தொடை உதற ஆரம்பித்தது. சட்டை வேர்வையில் நனைந்தது.

தினமும் இப்படி ஒரு தடவை வைத்துப் பார்க்கிறான். கால் எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகமாட்டேன் என்கிறது. ஏணி ஏறாத வயர்மேனை எந்த மேஸ்திரி கூப்பிடுவார்?

இறங்கினான். அவள் முகத்தைப் பார்க்காமல் ஏணியின் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பெத்தம்மாள் சேலையைத் தூக்கிச் செருகினாள். தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டாள். செங்கல் தூள் கண்ணில் விழுவதற்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. சின்ன மெஷினைக் கையில் எடுத்தாள்.

"பாத்து ஏறுட்டி. நான் புடிச்சிருக்கேன்" என்றான்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். இந்த ஒரு வீட்டில் மட்டும் அறுபது ஓட்டை போட வேண்டியிருந்தது.