யாருமே வள்ளி இல்லை

மூன்றாவதாகப் பேசியவரும் தான்தான் செண்பகம் என்றார்.

மேடையில் தன் முறைக்காகக் காத்திருந்த ஜீவராணி டீச்சருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. தானே செண்பகமாகப் பேசுவதற்கென்று ஒரு வாரம் உட்கார்ந்து உரை எழுதியவர் அவர்.

பெல்மதுளையில் வாசிப்பு மாதக் கூட்டம். நிவித்திகலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த பிரஷாந்தினியின் முதல் நாவலைப் பற்றிப் பேச்சு.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் இரண்டு சிநேகிதிகளின் கதை அது. தலைமை ஆசிரியரின் மூக்குக் கண்ணாடியை உடைத்துவிட்டு வள்ளி ஓடிவிடுகிறாள். செண்பகம் பழியை ஏற்றுக்கொண்டு பிரம்படி வாங்குகிறாள். அதன்பின் இருவரும் எப்படி வளர்ந்து ஆளாகிறார்கள் என்பது மிச்சக் கதை.

பேசுகிறவர்கள் தங்கள் சிறுபிராயத்தை நாவலோடு பொருத்திச் சொல்ல வேண்டும் என்று கூட்டத்தை நடத்திய விதுர்ஷன் கேட்டிருந்தார்.

மாணிக்கக்கல் வியாபாரி பழனியப்பன், நண்பனுக்காகத் தான் வாங்கிய அடியை நினைத்துக் கண் கலங்கினார். அதே நண்பர்மீது அவர் போட்ட காணி வழக்கு ஒன்பது வருடமாக நடக்கிறது.

அடுத்து வந்த ஓய்வுபெற்ற தபாலதிபரும் செண்பகம்தான்.

மூன்றாமவர் பிரதேச சபை மெம்பர். புத்தகத்தின் அட்டையைத் தூக்கிக் காட்டி, "சரி, இதுல வர்ற செண்பகம் மாத்தயா நான்தாங்க" என்றார். செண்பகம் ஐயா இல்லை, பெண்பிள்ளை என்று விதுர்ஷன் காதோடு சொன்னார். "யாரா இருந்தா என்னங்க, அடி ஒண்ணுதானே" என்று மெம்பர் சமாளித்தார்.

மண்டபத்தில் யாருமே வள்ளி இல்லை. எல்லோரும் அடுத்தவர் பழியைச் சுமந்தவர்கள் என்றால் கண்ணாடிகளையெல்லாம் உடைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜீவராணி டீச்சர் ஒலிவாங்கியைப் பிடித்தார். கஹவத்தைப் பக்கத்துப் பாடசாலையொன்றின் உப அதிபர். குரல் கணீரென்று ஒலித்தது.

ஏழாம் வகுப்பில் தனக்கொரு உயிர்ச் சிநேகிதி இருந்தாள் என்று தொடங்கினார். தலைமை ஆசிரியர் மேசையில் கழற்றி வைத்த கைக்கடிகாரத்தை ஆசைக்குக் கட்டிப் பார்க்க அவள் எடுத்தாளாம். பக்கத்துக் கொட்டகையில் ரப்பர் பால் நிறைந்து நின்ற வாளிக்குள் அது நழுவி விழுந்ததாம். சிநேகிதி ஓடிவிட்டாள். "நான் நின்றேன்" என்றார் டீச்சர்.

இருபது வருடமாகக் காலைக் கூட்டங்களில் அவர் சொல்லிவரும் கதை இது. ஆரம்பத்தில் இரண்டு அடி விழுந்தது. பதவி உயர உயர அடியும் கூடி, இப்போது பன்னிரண்டில் நின்றது.

ஒன்பதாவது அடியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான்காவது வரிசையில் அந்த ஏழாம் வகுப்புச் சிநேகிதி ரஹீமாவைக் கண்டார்.

முகம் பருத்திருந்தது. அபாயா அணிந்திருந்தாள். ஆனால் எதையாவது கவனமாகக் கேட்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்க்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அருகில் வெள்ளைச் சீருடையில் அவள் மகள். கட்டுரைப் போட்டிப் பரிசுக்காக வந்திருக்க வேண்டும்.

மிச்ச மூன்று அடி விழவேயில்லை. டீச்சர் நட்பே பெரிதென்று சொல்லிவிட்டு அவசரமாக உட்கார்ந்தார்.

"சபையில இருந்து யாராவது பேசுறீங்களா?" என்று விதுர்ஷன் கேட்டார்.

ரஹீமா கையை உயர்த்தினாள்.

ஒலிவாங்கி வரிசை வரிசையாகக் கைமாறிப் போனது. டீச்சருக்குத் திங்கட்கிழமைக் காலைக் கூட்டம் கண்முன் வந்தது. வரிசையில் நிற்கும் அறுநூறு பிள்ளைகளும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது.

ரஹீமா எழுந்து அபாயாவின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"டீச்சர் சொன்ன அந்த ஓடிப்போன புள்ள நான்தான். இத்தன வருஷமா என்ட பேர யார்க்கிட்டயும் சொல்லாம வெச்சிருக்காங்க. அதுக்கு நன்றி சொல்லத்தான் எழும்பினேன்."

மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. மெம்பர் எழுந்து நின்றே தட்டினார். பழனியப்பன் இரண்டாம் தடவை கண் கலங்கினார். ஒருவழியாக ஒரு வள்ளி கிடைத்துவிட்ட நிம்மதி எல்லா முகங்களிலும் தெரிந்தது.

ரஹீமாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி, நாற்காலிகளுக்கு இடையில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மகள் மட்டும் கை தட்டவில்லை. தாயை முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜீவராணி டீச்சரும் கை தட்டினார். எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம்.

அன்றைக்கு, ரப்பர் பால் சொட்டும் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, "இது யார் வேலை?" என்று தலைமை ஆசிரியர் வகுப்பில் கேட்டார். கொட்டகையிலிருந்து ஓடிவந்து மூச்சிரைக்கக் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள் ஜீவராணி. எழுந்து நின்றவள் ரஹீமா.

மறுநாளிலிருந்து அவளை வாப்பா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.