பூ கேட்ட வெள்ளிக்கிழமை

"உங்க அக்காகிட்ட முடியாதுன்னு ஒத்தை வார்த்தை சொல்லுங்கப்பா. அது போதும் எனக்கு."

மகள் தமிழினி கெஞ்சக் கெஞ்சச் சென்னிமலை முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மோகனூர்ப் பக்கம் அவருடைய கோழிப்பண்ணையில் அவர் ஒரு அதட்டல் போட்டால் தீவன லாரி டிரைவர்கூட ஹாரன் அடிக்க யோசிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு அக்கா செல்லியம்மாள் எதிரில் மட்டும் குரலே எழும்பாது.

"தாயில்லாத என்னையத் தூக்கி வளத்தவ சாமி அவ. இப்ப மவனுக்கு உன்னையக் கேக்கறா. அவ மூஞ்சியப் பார்த்து மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

"அப்ப தர்ஷன்?"

தர்ஷனைப் பற்றித் தமிழினி எப்போதோ சொல்லிவிட்டாள். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருப்பவன். அப்பா 'ம்' கொட்டியதோடு சரி. போன வாரம் பண்ணை வண்டியை அவனிடமே பெயின்டுக்கு விட்டு எடுத்து வந்தார். 'வேலை சுத்தம்' என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

"வெள்ளிக்கெழம அம்மன் கோயில்ல பூ கேப்போம்," என்றார் சென்னிமலை. "ஒரு பொட்டலத்துல வெள்ளை, ஒன்னுல சிவப்பு. வெள்ளை வந்தா அக்கா பையன். சிவப்பு வந்தா இந்தச் சம்பந்தம் வேண்டாம். அம்மன் சொன்னா அக்காளும் கேட்டுக்குவா. நீயும் கேட்டுக்கோணும்."

"அம்மன் முதுகுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கறீங்க!"

"இருந்துட்டுப் போவுது. பூவ நானே கட்டறேன். ஆரும் தொடப்படாது."

தமிழினி விடுவிடுவென்று வெளியே வந்து தர்ஷனுக்குப் போன் போட்டாள்.

"பாதிக்குப் பாதி நமக்குச் சாதகந்தானே தமிழு?" என்றான் அவன்.

"பாதியை நம்பி உன்னைய உட முடியாது தர்ஷா. நானும் ரெண்டு பொட்டலம் கட்டறேன். அப்பா கட்டற மாதிரியே வாழை இலை, வெள்ளை நூல். ரெண்டுலயும் செவ்வரளி. நேரம் பார்த்துத் தட்டுல மாத்தி வெச்சுருவேன்."

"அம்மனையே ஏமாத்தறியா?"

"அம்மனுக்கு எல்லாம் தெரியும். ஏமாறப் போறது எங்கப்பாதான். பாவம், சூது தெரியாத மனுசன்."

தைரியம் என்றால் அதுதான் தைரியம். சாமி பயம் நிறைய உள்ள பெண்தான் அவள். ஆனால் தர்ஷனை இழக்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, காவிரிக்கரை அம்மன் கோயில் வாசலில் செல்லியம்மாளின் கார் வந்து நின்றது. சென்னிமலை பூத்தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு அக்காவை அழைக்க ஓடினார். அவ்வளவுதான், தட்டிலிருந்த பொட்டலங்கள் தமிழினியின் கைப்பைக்குள் போயின. பையிலிருந்தவை தட்டுக்கு வந்தன.

திரும்பி வந்த சென்னிமலை தட்டை ஒருமுறை பார்த்தார். துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு வியர்த்து ஊற்றியது.

அம்மன் காலடியில் தட்டை வைத்துப் பூசாரி கற்பூரம் காட்டினார்.

"அக்கா, நீயே எடு," என்றார் சென்னிமலை. "நாளைக்கு ஆரும் ஆரையும் கொற சொல்லப்படாது."

செல்லியம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நூலை அவிழ்த்தாள். செவ்வரளி.

செல்லியம்மாளின் முகம் சுருங்கிப்போனது. அவள் கை மெல்ல மற்ற பொட்டலத்தை நோக்கி நீண்டது.

"மனசு கேக்கல. இதையும் பிரிச்சுப் பார்த்துரட்டுமா?"

"வேண்டாம்!"

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"உத்தரவு வந்த பொறவு இன்னொன்னப் பிரிச்சா, அம்மனயே சோதிக்கற மாதிரி ஆயிரும்க்கா," என்று சொல்லிக்கொண்டே சென்னிமலை அதை எடுத்துப் போய்க் காவிரியில் வீசிவிட்டு வந்தார். தமிழினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

செல்லியம்மாள் அழவில்லை. கோபிக்கவும் இல்லை. கையிலிருந்த செவ்வரளியைத் தமிழினியின் தலையில் வைத்துக் கன்னத்தை வழித்தாள்.

"எங் கையாலயே எடுத்தேன். ஆரைக் கொற சொல்ல? உன்னையக் கட்டறவன் குடுத்து வெச்சவன் அம்மிணி. எங்கிருந்தாலும் நல்லா இரு."

அந்தப் பெரிய மனசுக்கு முன்னால் தமிழினி கூசிப்போனாள். அத்தையின் காலைத் தொட்டு உண்மையாகவே கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறம் போய்ப் போன் பேசினாள்.

"செயிச்சுட்டோம் தர்ஷா! அப்பாவுக்குத் துளிகூடச் சந்தேகம் வரல."

"அப்பா கட்டின ரெண்டு பொட்டலத்தையும் முதல்ல தூக்கிப் போடு. ஆர் கண்ணுலயாவது படப்போவுது."

"இரு, அத்தை எதை எடுத்திருந்தா நம்ம கதை முடிஞ்சிருக்கும்னு பார்த்துட்டுப் போடறேன்."

முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். செவ்வரளி.

"அப்ப அடுத்ததுல வெள்ளை," என்றான் தர்ஷன்.

முன்வாசலில் சென்னிமலை அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "ஊடு போய்ச் சேந்துட்டியாக்கா? நம்ம கையில என்ன இருக்குது, எல்லாம் அம்மன் செயல்."

தமிழினி இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தாள்.

அதிலும் செவ்வரளிதான் இருந்தது.