மரியாதையான வெருட்டல்

மனிதரை மனிதர் மிரட்டுவது மனித உரிமை மீறல் என்று உலகம் முகம் சுளித்ததால், போர்க்கால அமைச்சு அந்த வேலையை ஓர் இயந்திரக் குரலிடம் ஒப்படைத்து, குத்துவிளக்கும் ஏற்றிவிட்டது. ஆள் பயந்துவிட்டாரா என்று உறுதி செய்துகொள்ளாமல் அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது குரலுக்கு இட்ட கட்டளை.

காணாமல் போனவர்களுக்காகப் போராடும் யோகமலருக்கு அன்று பின்னேரம் அழைப்பு வந்தது. அவளுடைய கணவர் கேதீசும் காணாமல் போனவர்தான். அப்படி ஒருவரைக் கண்டதே இல்லை என்று இராணுவம் சத்தியம் செய்திருந்தது. யோகமலர் அழைப்பை எடுத்து, தொலைபேசியின் ஒலிப்பதிவையும் ஒலிபெருக்கியையும் தட்டிவிட்டாள்.

"வணக்கம் அக்கா. போராட்டத்தை விடாட்டி உங்களையும் தூக்குவம். பயமா இருக்கோ?"

"இல்லைத் தம்பி. இது எல்லாரும் சொல்லுறதுதானே. ஆரைத் தூக்கினனீங்கள் எண்டு சொன்னால்தானே பயம் வரும்."

ஆள் பயப்படாமல் குரல் அழைப்பைத் துண்டிக்கக் கூடாதே. கடமை பெரிதல்லவா?

"உங்கட மனுசன் கேதீஸ். ஆத்தங்கரை முகாமில எங்களிட்டத்தான் இருக்கிறார். இண்டைக்கும் சோத்தில உப்பில்லை எண்டு சண்டை பிடிச்சவர்."

யோகமலருக்குச் சந்தேகமே இல்லை. அவரேதான். உப்பு விஷயத்தில் கடவுளையும் விடமாட்டார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்க, ஒலிப்பதிவு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"இப்ப பயமா இருக்கோ அக்கா?"

பதில் சொல்ல வாயெடுத்தவளின் கையை, பக்கத்து வீட்டுச் சிவகலை எட்டிப் பிடித்தாள். மகனைத் தேடிக்கொண்டிருப்பவள். சத்தம் கேட்டு வந்த தெருப் பெண்கள் அவளுக்குப் பின்னால் வாசல்வரை நின்றார்கள்.

"பயமெண்டு சொல்லிப்போடாதை மலர்," என்றாள் சிவகலை. "என்ர பெடியனையும் சொல்லி வெருட்டச் சொல்லு."