பதில் சொல்லாத வரகுக்கோழி

ஒரு கம்பெனி குத்தகைக்குக் கேட்டிருந்த கரிசல் தரிசில், பறவைக் கணக்கெடுக்கும் பேசும் கருவி ஒன்று மூன்று நாளாக வரகுக்கோழிச் சேவலைப் போலக் கூவிக்கொண்டிருந்தது. அருகிப்போன அந்தப் பறவை ஒன்றாவது பதில் குரல் கொடுத்தால் குத்தகை கிடையாது.

கணக்கெடுக்க வந்த இசக்கியம்மாள் புல்லை விலக்கினாள். காலடியிலேயே ஒரு பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது.

"சார், இந்தா என் கண்ணு முன்னால இருக்கு!" என்று போனில் பதறினாள்.

"நீ பார்த்தது செல்லாதும்மா. கருவி காதுல விழணும்," என்றார் அதிகாரி.

"அடையில இருக்கிறது சத்தம் போட்டா நரி வந்துருமே சார்?"

"அப்ப இல்லைன்னுதான் அர்த்தம். ஆட்சேபம் சொன்னா உன் வேலைக்கு வேற ஆள் பார்ப்பேன்."

ஐந்து மணிக்கு மூன்று நாள் கெடு முடிந்தது. "பறவை இல்லை. ஆட்சேபம் உண்டா?" என்று கருவி கேட்டது.

முட்டைகளைக் காப்பாற்றத்தான் அந்தக் கோழி வாயைத் திறக்கவில்லை. வீட்டிலிருக்கும் பிள்ளைகளை நினைத்து இசக்கியம்மாளும் திறக்கவில்லை.