மூடித் திறந்தால்

"என்னத்தைக் கை வெச்ச தம்பி? மூடித் திறந்தா முன்ன மாதிரி வரவே மாட்டேங்குது!"

மடிக்கணினியை மேசைமேல் பொத்தென்று வைத்தார் முர்னியாத்தி அம்மாள். பெக்கலோங்கான் சந்தையில், மெழுகால் கோலம் வரைந்து சாயம் தோய்க்கும் பாத்திக் துணிக்கடை வைத்திருப்பவர். அவர் குரல் எழும்பினால் எதிர்க்கடைப் பூனையும் எழுந்து உட்காரும்.

கணினி பழுதுபார்க்கும் யுதாந்தோ அதைத் தன் பக்கம் இழுத்தான். சந்தையில் பாதிக் கடைகளின் கணினிகளில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். "காசு கிடையாது, வைரஸ் கிடையாது, உலகமே சேர்ந்து எழுதினது" என்று கடை கடையாக ஏறிப் பேசியிருந்தான். ஒரே ஒரு சங்கடம். சில கணினிகள் மூடி வைத்தால் தூங்கிவிட்டு, எழும்போது திரை தாறுமாறாகிவிடும். போன மாதம் கீபோர்டு மாற்ற வந்த இந்த அம்மாளின் கணினியிலும் அதைப் பார்த்துவிட்டு, கையோடு சரிசெய்து அனுப்பியிருந்தான்.

"பதறாதீங்க இபு, பாக்கறேன்," என்றான்; அந்த ஊர்ப் பேச்சில் இபு என்றால் அம்மா. மூடினான். சற்றுப் பொறுத்துத் திறந்தான். திரை பளிச்சென்று வந்தது. "நல்லாத்தானே இருக்கு?"

"எது நல்லா இருக்கு? வீட்ல எத்தனை தடவை மூடித் திறந்தேன் தெரியுமா? ஒண்ணுகூட உருப்படியா வரல. நான் என்ன சொல்ல வரேன்னா..."

"புரிஞ்சுது இபு. என் கண்ணுக்கு ஒழுங்கா வரும், உங்க வீட்டுக்குப் போனா மக்கர் பண்ணும். திரையை ஓட்டற கிராஃபிக்ஸ் டிரைவர் கோளாறு."

"அது இல்ல தம்பி, நான்..."

"எங்கிட்ட விட்டுட்டீங்கல்ல? போங்க, நிம்மதியா போங்க!"

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனதும், கடைப் பங்காளி சாப்தோ காப்பிக் கோப்பைக்குள் சிரித்தான். "உலகமே சேர்ந்து எழுதிச்சே, அதுல ஒருத்தனாவது மூடித் திறந்து பாத்தானாடா?"

யுதாந்தோவுக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தான். லினக்ஸின் அடிமையமான கெர்னலை மாற்றினான். டிரைவரை எழுதியவர்களுக்கே விவரமாகக் கடிதம் போட்டான். எங்கோ குளிர்நாட்டில் முகம் தெரியாத ஒருவர் திருத்தம் அனுப்பினார். போட்டுப் பார்த்தான். மூடினான், திறந்தான். கண்ணாடி மாதிரி வந்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு கணினியை அம்மாளின் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் அம்மாள் மறுபடி வந்து நின்றார். கையில் கணினி, தோளில் ஒரு பெரிய பை, கண்ணில் நீர்.

"சுத்தமா நாசம் பண்ணிட்ட தம்பி! செமாராங்லேருந்து மொத்த வியாபாரி வராரு. என் பொழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே! பழையபடி ஆக்கிக் குடு. இல்லேன்னா உன் லினக்ஸைத் தூக்கிப் போட்டுட்டு விண்டோஸுக்கே போயிடறேன். சந்தை பூராவும் சொல்லிடுவேன்!"

சந்தை பூராவுமா! யுதாந்தோவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கணினியை மூடித் திறந்து அவர் பக்கம் திருப்பினான். "பாருங்க இபு! பளிங்கு மாதிரி வருது. இதுல என்னதான் குறை? நீங்களே காட்டுங்க, நான் வாயே திறக்கல!"

சொன்னபடியே வாயை மூடிக்கொண்டான்.

அம்மாள் பையைத் திறந்து புத்தம்புது சாரோங் கைலிகளை மேசைமேல் விரித்தார். சரிந்து ஓடும் இளஞ்சிவப்புக் கோடுகள், கிழிந்த பச்சைக் கட்டங்கள், ஒன்றில் வரிசை வரிசையாகப் பாதி மௌஸ் அம்புகூட இருந்தது.

"எல்லாம் இது தூங்கி எழுந்தப்போ வந்த டிசைன்தான். அப்படியே பாத்து வரைஞ்சு சந்தையையே அள்ளினேன். நீ கை வெச்சதிலேருந்து ஒண்ணுகூட வரல... உனக்குப் புண்ணியமாப் போகும், முதல்ல இதைக் கெடுத்துக் குடு தம்பி!"