கோல்கீப்பரைக் காட்டிக் கொடுத்தது யார்?

"யார் சொன்னது உன்கிட்ட?"

டாரல் என் மேஜையில் தட்டிய தட்டில் தெர்மாமீட்டர் டப்பா உருண்டு கீழே விழுந்தது. அவன் பூட்ஸில் ஒட்டியிருந்த பனி வேறு கரைந்து என் அறைத் தரையெல்லாம் ஓடியது.

"முதல்ல உட்காரு டாரல்," என்றேன்.

"உட்காரவா வந்தேன்? இன்னிக்கு ராத்திரி ஐஸ் ஹாக்கி மேட்ச். ஜெயிச்சாத்தான் செயின்ட் பால்ல மாநிலப் போட்டிக்குப் போக முடியும். ஊரே காத்துக்கிட்டிருக்கு. என் பையன்தான் கோல்கீப்பர். நீ என்னடான்னா, அவன் ஆடக் கூடாதுன்னு போன் பண்றே!"

நான் இந்த உயர்நிலைப் பள்ளியின் நர்ஸ். பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் வீட்டுக்குத் தெரியப்படுத்துவது என் வேலை. ஃப்ளூ பரவுகிறது, தடுப்பூசி போடுங்கள் என்று வாராவாரம் எல்லா வீட்டுக்கும் அனுப்புவேன். ஒரு ஜீவன் படிக்காது. ஆனால் ஹாக்கியில் கை வைத்தால் மட்டும் பறந்துகொண்டு வந்துவிடுவார்கள்.

"புதன்கிழமை பிராக்டிஸ்ல வெஸ்லி தலை கோல் கம்பத்துல மோதியிருக்கு. யாருக்கும் சொல்லாம மறைச்சிருக்கான். வீட்டுல வாந்தி வேற. இப்ப கண்ணை மூடிக்கிட்டு ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னேன். நான் பிடிக்கலேன்னா விழுந்திருப்பான். டாக்டர் பார்த்துச் சரின்னு எழுதிக் கொடுக்கற வரைக்கும் ஐஸ் பக்கமே போகக் கூடாது. இது நான் போட்ட சட்டம் இல்லை."

ஓரத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த வெஸ்லி துள்ளி எழுந்தான். பதினேழு வயது. அப்பனைவிட ஒரு சாண் உயரம்.

"எனக்கு ஒண்ணுமே இல்ல! பீட்ஸா ஒத்துக்கல, அதான் வாந்தி."

"கேட்டுக்கோ! பீட்ஸாவாம்!" என்றான் டாரல்.

"பீட்ஸா சாப்பிட்டா வெளிச்சம் கண்ணைக் கூசுமா? காலையிலேர்ந்து ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேங்கறான்." நானும் விடவில்லை.

"அந்த ரெண்டாவது கோல்கீப்பர் ஓவன் பயதான் போட்டுக் கொடுத்திருப்பான். வெஸ்லி உட்கார்ந்தா அவன்தானே கோல்ல நிப்பான்?"

"ஓவன் இல்லை. அந்தப் பிள்ளை மேல பழியைப் போடாதே. யாருன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். நீ தலைகீழா நின்னாலும் சொல்ல மாட்டேன்."

"உன்கூட ஒரே கிளாஸ்ல படிச்ச பாவத்துக்கு எனக்கு இதுவும் வேணும்! நானும் இதே பள்ளிக்கூடத்துக்குக் கோல்ல நின்னவன்தான். தலையில அடி வாங்கிக்கிட்டே ஆடினேன். செத்தா போயிட்டேன்?"

"சாகல. கார் சாவியை ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு வீடு பூரா தேடறே."

வெஸ்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பன் முறைத்ததும் சட்டென்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டான்.

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஸ்கேன் எடுங்க. ஒண்ணும் இல்லைன்னா சாயங்காலம் திரும்பி வந்து, எவ்வளவு வேணும்னாலும் என்னைத் திட்டுங்க," என்றேன்.

"மிஸஸ் ஹாகன், நீங்க என் வாழ்க்கையையே கெடுத்துட்டீங்க!" என்று கத்திவிட்டு வெஸ்லி கோட்டை உருவிக்கொண்டு கிளம்பினான். டாரல் கதவைச் சாத்திய வேகத்தில் சுவரில் இருந்த பல் வரிசைப் படம் ஆடியது.

அவ்வளவுதான், செய்தி பரவிவிட்டது. முதலில் கோச் போன் பண்ணினார். அப்புறம் பேர் சொல்லாத யாரோ ஒரு ஆள், "உனக்கெல்லாம் ஹாக்கின்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். ஆபீஸில் இருந்தவர்கள்கூட என்னை ஏதோ குற்றவாளி மாதிரி பார்த்தார்கள். இனி ஒரு வாரத்துக்குக் கடைக்குப் போய்ப் பால் வாங்கக்கூட முடியாது.

போகட்டும். எனக்கு அந்தக் கவலை இல்லை. தலைக்குள்ளே ரத்தம் கசிந்திருந்தால்? புதன்கிழமையிலிருந்து கசிந்துகொண்டே இருந்தால்? மத்தியானம் சாண்ட்விச்சைப் பிரித்தேன். அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

பள்ளி விடும் நேரத்தில் டாரலிடமிருந்து போன் வந்தது.

"ஸ்கேன் எடுத்தாச்சு," என்றான். அப்புறம் மூக்கைச் சிந்தினான்.

"சொல்லித் தொலையேன்!"

"ரத்தக் கசிவு எதுவும் இல்லை ஜோலீன். மூளை லேசா குலுங்கியிருக்காம். ரெண்டு வாரம் ஓய்வு எடுத்தா முழுசா சரியாயிடும். ஆனா இன்னிக்கு ஆடி, அதே இடத்துல இன்னொரு அடி பட்டிருந்தா... டாக்டர் மேல சொல்லல. தலையை மட்டும் ஆட்டினார்."

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிள்ளை பிழைத்தான். மேட்ச் கிடக்கிறது மேட்ச்.

டாரலின் குரல் தணிந்தது. "காலையில ரொம்பக் கத்திட்டேனா?"

"டப்பா உடைஞ்சு போச்சு."

"வேற வாங்கித் தரேன். ஆனா ஒண்ணு. காலையில உனக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னது நான்தான்னு அவனுக்கு எந்தக் காலத்துலயும் தெரியக் கூடாது. மேட்ச் அன்னிக்கு அவனை நிறுத்தினதே அப்பன்தான்னு தெரிஞ்சா, ஆயுசுக்கும் என் முகத்துல முழிக்க மாட்டான்."

"மடையா, அதை நீயே அவன்கிட்ட சொல்லலாமே?"

"ஐயோ, வேற வினையே வேண்டாம்! இரு, இங்க நர்ஸ் கூப்பிடறாங்க. வெஸ்லி உன்கிட்ட சாரி சொல்லணுமாம். அவன்கிட்ட குடுக்கறேன்."

போன் கை மாறியது. கதவு மூடும் சத்தம் கேட்டது.

"மிஸஸ் ஹாகன்," வெஸ்லி கிசுகிசுத்தான். "அப்பா வெளியே போயிட்டார். காலையில முதல் ஆளா வந்து, என்னை ஆட விடாதீங்கன்னு உங்ககிட்ட அழுதது நான்தான்னு அவர்கிட்ட சொல்லிடலையே? பாவம், மனசு உடைஞ்சு போயிடுவார்."